சிக்னல்ல நிக்குது

அக்காவின் வீட்டில் மூன்று மாதமாக ஒரே ஒரு வேடிக்கை ஓடிக்கொண்டிருந்தது. அதை ஆரம்பித்துவைத்த புண்ணியவான் அவளுடைய சொந்தத் தம்பி. அவன் கார் எலக்ட்ரீஷியன். இருபத்தெட்டு வருடமாக ஒயரோடும் ஃப்யூசோடும் குடித்தனம் நடத்தியதில் ஊர் அவனுக்குக் கரண்ட் என்று பெயர் வைத்துவிட்டது. சொந்தப் பெயரைக் கேட்டால் அவன் மனைவியே ஒரு நிமிடம் யோசித்துத்தான் சொல்வாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் அக்கா போன் செய்தாள். கரண்ட் அப்போது ஒரு வேனின் டேஷ்போர்டுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து, பல்லில் ஒரு ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தான்.

"தம்பி, வண்டி சிக்னல்ல நிக்குதுடா."

"சிக்னல்ல நிக்காம பறக்கவா செய்யும்?"

பக்கத்தில் ஒரு கதவின் நசுங்கலைத் தட்டிக்கொண்டிருந்த டிங்கர்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். போனில் அக்காவும் சிரித்தாள். சரி, நீ வேலையைப் பாரு என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் கரண்ட் இதை அக்கா மகனிடம் சொன்னான். அவன் தன் மனைவியிடம் சொன்னான். அதற்கப்புறம் அக்கா கார் சாவியை எடுத்தாலே யாராவது ஒருவர், "பார்த்து, சிக்னல்ல நின்னுடப் போகுது" என்பார்கள். பக்கவாதத்தில் பாதி முகம் செத்துப்போயிருந்த அத்தான்கூட மீதிப் பாதியால் சிரிப்பார். எல்லோரும் சிரிக்கும்போது அக்காவும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்கிற ஆளைப் பார்த்து உனக்கு என்ன கஷ்டம் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

குற்றம் மொழியிலும் கொஞ்சம் இருக்கிறது. பிரேக் போட்டாலும் வண்டி நிற்கும், இன்ஜின் அணைந்தாலும் நிற்கும், கெட்டுப்போய் நடுரோட்டில் மானத்தை வாங்கினாலும் நிற்கும். எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒரே ஒரு 'நிக்குது'தான். அக்காவின் கார் புது ரகம். சிக்னலில் நியூட்ரலுக்குத் தள்ளிக் கிளட்சிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோலை மிச்சப்படுத்த இன்ஜின் தானாகவே அணையும். பச்சை விழுந்ததும் கிளட்சை மிதித்தால் தானாகவே உயிர் வரும். அவள் கார் ஒழுங்காக அணைந்தது. பல நாள் ஒழுங்காக உயிர் வந்தது. சில நாள் வரவில்லை. அக்கா சொல்ல வந்தது அதைத்தான்.

அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே ஐம்பத்து மூன்றாவது வயதில். அத்தான் படுத்த பிறகு, அவரை வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. வாடகைக் கார்க்காரர்கள் சக்கர நாற்காலியைப் பார்த்ததும் டிக்கியில் இடமில்லை என்று நழுவினார்கள். மகனுக்கு ஊரின் அந்தக் கோடியில் வேலை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, நாற்பது நாளில் கற்றுக்கொண்டு, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். வீட்டில் எல்லோரும் கை தட்டினார்கள். தட்டினாலும், வண்டி நின்றது என்று அவள் சொன்னபோது எல்லோர் மனதிலும் ஒரே எண்ணம்தான் ஓடியது. கிளட்சைப் பட்டென்று விட்டிருப்பாள்.

கரண்ட் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை, பாவம். இரண்டாவது தடவை அவள் கூப்பிட்டபோது வந்து பார்த்தான். பாட்டரி இறங்கியிருந்தது. இந்த ரகக் காருக்கென்றே இருக்கிற கனமான பாட்டரியைத் தேடி வாங்கி மாட்டினான். கூடவே, "குட்டிக் குட்டித் தூரமா ஓட்டினா எப்படி சார்ஜ் ஏறும்?" என்றும், "கிளட்சை மெதுவா விடு" என்றும் இரண்டு புத்திமதிகளைக் கொடுத்தான். டேஷ்போர்டில் இருந்த ஒரு பட்டனைக் காட்டி, "இதை அமுக்கிட்டா இன்ஜின் தானா அணையாது. பிரச்சனையே இல்ல" என்றான். அந்த பட்டனை ஒவ்வொரு தடவை சாவி போடும்போதும் புதிதாக அமுக்க வேண்டும். அத்தானைத் தூக்கி உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, மடங்கிய காலை உள்ளே வைத்து, நாற்காலியை மடித்து டிக்கியில் ஏற்றி முடிக்கும்போது அக்காவுக்குத் தன் பெயரே மறந்துபோகும். பட்டன் எங்கே ஞாபகம் வரும்?

சனிக்கிழமை காலை பத்தரைக்கு விஷயம் முற்றிவிட்டது. நாலு ரோடு கூடுகிற சிக்னலில், பின்னால் ஒரு பஸ் நிற்க, கார் அணைந்தது. பச்சை விழுந்தது. கிளட்சை மிதித்தாள். டிக் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சாவியைத் திருப்பினாள். டேஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கிப் படுத்துவிட்டன. பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பைக்கில் வந்த ஒருவன் கண்ணாடிக்குள் குனிந்து, "வீட்டுல இருக்க வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டுப் போனான். அத்தானுக்குப் பதற்றத்தில் வாயோரம் எச்சில் வழிந்தது. வழிப்போக்கர் இரண்டு பேர் காரை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். அக்கா அவர்களுக்கு நன்றி சொன்னாளா இல்லையா என்பதே அவளுக்கு நினைவில்லை.

மகன் ஓடி வந்தான். கெட்டவன் இல்லை, பயந்தவன். நாற்காலியை டிக்கியிலேயே விட்டு, அப்பாவை மட்டும் தன் காரில் ஏற்றிவிட்டு, அம்மா கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டான்.

"போதும்மா. நாளைக்குக் காலையில ஒருத்தர் வந்து வண்டியைப் பார்க்கிறார். கொடுத்துடலாம்."

"அப்பாவை யாருடா கூட்டிட்டுப் போவா?"

"வாரத்துக்கு ரெண்டு நாள் நான் வரேன்."

இரண்டு நாள் என்பது போகப்போக ஒரு நாளாகும், ஒரு நாள் எப்போதாவது என்று ஆகும். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். போன வாரம்தான் அத்தானின் வலது கை ஒரு ஸ்பூனைப் பிடித்திருந்தது. பிடித்து, வாய்வரை கொண்டுபோய், நடுவில் கீழே போட்டிருந்தது. இன்னும் ஆறு மாதம் விடாமல் வந்தால் சாப்பிடவே ஆரம்பித்துவிடுவார் என்று பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லியிருந்தாள்.

அக்கா வாதாடவில்லை. வீட்டுக்கு வரச்சொன்னதற்கு மட்டும், "நான் வண்டியோட போறேன்" என்றாள், ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு போகிறவள் சொல்வதைப்போல. கயிறு கட்டி இழுத்துவந்த காருக்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அவளே உட்கார்ந்து வந்தாள்.

சாவியைக் கரண்டிடம் கொடுத்துவிட்டு மகன் சொன்னான்: "மாமா, ஸ்டார்ட் ஆகற மாதிரி மட்டும் பண்ணிக் கொடுங்க. அஞ்சு மணிக்கு வந்து எடுத்துக்கறேன்."

கரண்ட் தலையாட்டினான். அவனுக்கும் அலுப்பு. காலை ஆறு மணியிலிருந்து குனிந்தே இருந்ததில் இடுப்பு கழன்றுகொண்டிருந்தது. அதோடு, திரும்பி வருகிற வண்டி என்றாலே ஒர்க்‌ஷாப்பில் ஒரு இளக்காரம். அக்கா வண்டியைப் பற்றிப் புகார் வருவது இது மூன்றாவது தடவை. டிங்கர்காரர் மூன்று விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சுத்தியலை எடுத்தார்.

தகரக் கூரையின் கீழ் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு பழைய டயரின் மேல் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். டீ வாங்கிக் கொடுத்தான். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

"தம்பி, நான் எல்லாம் சரியாத்தான் பண்றேன்னு நினைக்கிறேன். முதல்ல பிரேக்கு. அப்புறம் கிளட்சு. நியூட்ரல். அப்புறம் கிளட்ச்ல இருந்து காலை எடுக்கறேன். எங்கேயோ தப்பு பண்றேன் போல."

"நீ பேசாம உட்காரு" என்றான் கரண்ட். அதட்டல் இல்லை, பேசத் தெம்பில்லை.

ஸ்கேனரை மாட்டினான். காரின் மூளையில் என்ன ஓடுகிறது என்று சொல்கிற கைக்கருவி அது. பாட்டரியில் தொண்ணூற்றிரண்டு சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்று திரையில் வந்தது. தன் பழைய மீட்டரைப் பாட்டரியில் நேராக வைத்துப் பார்த்தான். பதினொன்றரை வோல்ட்டுகூட முழுசாக இல்லை. காலி. கார் தன் வயிறு நிறைந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பட்டினி கிடந்தது.

இன்னொரு பாட்டரியைக் கொடுத்து இன்ஜினை ஓடவிட்டான். சார்ஜ் கொடுக்கிற ஆல்டர்னேட்டர் சோம்பலாகப் பன்னிரண்டே முக்கால் காட்டியது. இதுதான் திருடன் என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டான். ஸ்கேனர் வழியாகவே அதற்கு முழு வேகத்தில் வேலை செய்ய உத்தரவு கொடுத்தான். அது சட்டென்று பதினாலரைக்கு எழுந்து நின்றது. உத்தரவை எடுத்துவிட்டதும் மறுபடி உட்கார்ந்துவிட்டது. ஆல்டர்னேட்டர் மேல் தப்பில்லை. பாட்டரி நிறைந்திருக்கிறது, நீ ஓய்வெடு என்று கார்தான் அதனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. காருக்கு அப்படி யார் சொன்னார்கள்?

இந்த ரகக் கார்களில் பாட்டரியின் நெகட்டிவ் தலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். உள்ளே போகிற மின்சாரத்தையும் வெளியே வருகிற மின்சாரத்தையும் எண்ணிச் சொல்வது அதன் வேலை. இப்போது பதினோரு ஆம்பியர் உள்ளே போகிறது என்று அது சொன்னது. ஒயரைச் சுற்றிப் பிடித்து அளக்கிற கிளாம்ப் மீட்டரை அந்த ஒயரில் மாட்டினான். அதுவும் பதினொன்று என்றது. ஆக, சென்சாரும் யோக்கியன். ஆனால் அத்தனை மின்சாரம் உள்ளே போனால் பாட்டரி வோல்டேஜ் ஏறியே ஆக வேண்டும். கால் மணி நேரம் குனிந்து நின்று பார்த்தான். ஏறவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே போவதெல்லாம் எங்கே போகிறது? டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனான். நெகட்டிவ் தலையில் சென்சாரோடு இன்னொரு கறுப்பு ஒயரும் முறுக்கப்பட்டிருந்தது. மீட்டரை அதற்கு மாற்றினான். பதிமூன்று ஆம்பியர், வெளியே.

வாசலில் சென்சார் என்கிற காவல்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்கிறார், பின்கதவு விரியத் திறந்து கிடக்கிறது. பின்கதவு வழியாகப் போனது எதுவுமே கணக்கில் இல்லை. அதைவிடக் கொடுமை, அதற்காக ஆல்டர்னேட்டர் அனுப்பியதெல்லாம் வாசலைத் தாண்டி வந்ததால் பாட்டரி சாப்பிட்டதாகவே பதிவாகியிருக்கிறது. எவன் இந்த ஒயரை இங்கே கட்டினான் என்று கரண்டுக்கு உச்சந்தலைக்குக் கோபம் ஏறியது.

ஒயரின் முனையில் இரண்டு சுற்று மஞ்சள் டேப் இருந்தது.

ஊரில் எல்லா எலக்ட்ரீஷியனும் கறுப்பு டேப் சுற்றுவார்கள். மஞ்சள் சுற்றுகிறவன் ஒருத்தன்தான். "மஞ்சள் டேப்பைப் பார்த்தா கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம், அது கரண்ட் வேலை" என்று இதே கூரையின் கீழ் அவனே எத்தனையோ தடவை பீற்றிக்கொண்டிருக்கிறான்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அத்தானுக்குப் பாட்டரியில் ஓடுகிற சக்கர நாற்காலி வந்திருந்தது. போகிற வழியிலேயே நாற்காலி சார்ஜ் ஆகட்டும் என்று கரண்ட் டிக்கியில் ஒரு இன்வெர்ட்டரை வைத்து, அதற்குப் பாட்டரியிலிருந்து ஒயர் இழுத்துக்கொடுத்தான். யாரும் கேட்கவில்லை, பிரியத்தில் செய்தான். எர்த் ஒயரைப் பாட்டரித் தலையிலேயே கட்டினான். எர்த்தை வேறெங்கேயும் கொடுக்காதே, தலையில் கொடு, அதுதான் உறுதி என்பது அவன் வாய் ஓயாமல் சொல்கிற பாடம். பழைய கார்களில் அது சரி. சென்சார் வைத்த காரில் அந்த ஒயரை ஒரு சாண் தள்ளி, பாடியில் இருக்கிற போல்ட்டில் கட்டியிருக்க வேண்டும். பாட்டரியை மாற்றிய அன்றும், இந்த ஒயரை அவன் கையாலேயே கழற்றி, அவன் கையாலேயே திரும்பக் கட்டி, புதிதாக மஞ்சள் டேப் சுற்றியிருக்கிறான்.

கரண்ட் இன்ஜினை நிறுத்தினான். அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பிளவுஸ் முதுகில் வியர்வை பரவியிருந்தது.

ஐந்து நிமிட வேலை. ஸ்பேனரை எடுத்தான், ஒயரைக் கழற்றினான், பாடி போல்ட்டில் மாட்டி இறுக்கினான். ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியவில்லை.

"என்ன, ஆள் சிக்கியாச்சா?" என்று டிங்கர்காரர் கேட்டார்.

"ம். எர்த் லூசு."

அக்கா திரும்பினாள். "அப்போ என்மேல தப்பு இல்லையாடா?"

கரண்ட் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம்தான்க்கா" என்றான்.

அவள் தலையாட்டினாள். அதை அவள் எதிர்பார்த்தே இருந்தாள் என்று தோன்றியது. பாதி தப்பு தன்னுடையது என்று கேட்டதில்கூட அவளுக்கு ஒரு நிம்மதி போல. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கிளாசைக் கழுவிவைக்க எழுந்துபோனாள். போகும்போது தரையில் கிடந்த ஒரு கேபிளைப் பார்த்து, யாரும் தடுக்கிவிடக் கூடாது என்று ஓரமாகச் சுருட்டிவைத்தாள்.

பாட்டரியைச் சார்ஜருக்குப் போட்டான். நாலைந்து மணி நேரம் ஏற வேண்டும். அதற்குள் காரின் மூளையில் சேர்ந்திருந்த பழைய கோளாறுப் பதிவுகளை அழித்துவிடலாம் என்று ஸ்கேனரை எடுத்தான். அழிப்பதற்கு முன் ஒரு தடவை பார்ப்பது அவன் வழக்கம். அதில் ஒரு பட்டியல் இருந்தது. இன்ஜின் நின்ற ஒவ்வொரு தடவையும் ஏன் நின்றது என்று கார் குறித்துவைத்திருந்தது. சாவியால் நிறுத்தியது இருநூற்றுச் சொச்சம். சிக்னலில் தானாக அணைந்தது நானூற்றுப் பத்து. அதில் திரும்ப உயிர் வராதது பதினேழு.

பதினேழு தடவை. அவள் வாய் திறந்து சொன்னது மூன்றே தடவைதான்.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. கியரில் இருக்கும்போது ஓட்டுகிறவர் தவறால் இன்ஜின் நின்றது: ஒன்று. தேதியும் நேரமும் இருந்தன. போன ஞாயிறு, மாலை ஐந்து இருபது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வண்டி எடுப்பதில்லை. அன்றைக்குக் காரை வாட்டர் வாஷுக்கு ஓட்டிப்போனது அவள் மகன்.

கரண்ட் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனே எத்தனை தடவை சிக்னலில் கிளட்சைத் தவறவிட்டு வண்டியை நிறுத்தியிருக்கிறான். அது யாரும் எண்ணாத விஷயம். இவளோ நாலு மாதத்தில், பக்கத்தில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு, ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. அந்த அக்காவிடம்தான் கூசாமல் ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்று சொல்லியிருக்கிறான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

எழுந்துபோய் அவள் முன்னால் குந்தினான்.

"அக்கா. நான் சொன்னது பொய்."

"எதுடா?"

"உன்மேல கொஞ்சம்கூடத் தப்பு இல்ல. எல்லாம் நான் பண்ணது. அத்தான் சேருக்கு ஒயர் இழுத்தேன்ல? எர்த்தைத் தப்பான இடத்துல கட்டிட்டேன். சேர் சாப்பிட்டதெல்லாம் பாட்டரி சாப்பிட்டதா காரு நினைச்சுக்கிச்சு. தெம்பு இருக்குன்னு நம்பி சிக்னல்ல அணைஞ்சிருக்கு. எழுந்திருக்கத்தான் முடியல."

அக்கா அவனைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தான். இரண்டு அறை விட்டாலும் வாங்கிக்கொள்கிற மனநிலையில்தான் இருந்தான்.

"மூணு மாசமா சொன்னேன்டா. நிக்குது நிக்குதுன்னு."

"ஆமாக்கா."

"சிரிச்சீங்க எல்லாரும்."

கரண்ட் தரையில் கிடந்த ஒரு நட்டைப் பொறுக்கினான்.

"நானும்தான் சிரிச்சேன்" என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. "ராத்திரியெல்லாம் படுத்துக்கிட்டு காலை ஆட்டி ஆட்டிப் பார்ப்பேன்டா. கிளட்சு, பிரேக்கு, கிளட்சு, பிரேக்குன்னு. எங்கே தப்பு பண்றேன்னு தெரியவே இல்ல."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். டிங்கர்காரரின் சுத்தியல் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"என்கிட்ட சொன்னது போதாது" என்றாள். "அவன்கிட்ட சொல்லு."

ஐந்து மணிக்கு மகன் வந்தான். காருக்குள் எட்டிப் பார்த்து, "ஸ்டார்ட் ஆகுதா மாமா?" என்றான்.

கரண்ட் சொன்னான். ஒயர், மஞ்சள் டேப், பாட்டரித் தலை எல்லாவற்றையும் டிங்கர்காரர் கேட்கிற தூரத்தில் நின்று, ஒன்றையும் விழுங்காமல் சொன்னான். இருபத்தெட்டு வருடத்தில் அவன் வாயிலிருந்து 'என் தப்பு' என்று இந்தக் கூரை கேட்டதில்லை. கேட்டுப் பழக்கமில்லாததால் அக்கா மகன் நம்பவும் இல்லை.

"மாமா, அம்மா மேல பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்காக நீங்க பழியைத் தூக்கித் தலையில போட்டுக்காதீங்க. நாளைக்கே ஒரு லாரிக்கு முன்னாடி நின்னா என்ன பண்றது? அப்பா உள்ளே இருக்கார்."

"பாசம் இல்ல மாப்ள. இதைப் பாரு."

ஸ்கேனரை நீட்டினான். பதினேழை விரலால் காட்டினான். பிறகு கீழே இருந்த ஒன்றைக் காட்டினான்.

"உங்கம்மா கிளட்சை விட்டு வண்டியை நிறுத்தினது ஒரு தடவைகூட இல்ல. இந்த ஒண்ணு யாருன்னு தேதியைப் பாரு."

அக்கா மகன் பார்த்தான். மறுபடி பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. வாட்டர் வாஷ் மேட்டில் ஏறும்போது வண்டி குலுங்கி நின்றதும், யாராவது பார்த்துவிட்டார்களா என்று அவன் சுற்றிலும் பார்த்துக்கொண்டதும் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"சிக்னல்லயா நின்னுச்சு?" என்று டிங்கர்காரர் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார். யாரும் சிரிக்கவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் கதவுக்குத் திரும்பினார்.

அக்கா மகன் சாவியைக் கரண்டிடமிருந்து வாங்கினான். கையில் வைத்துக்கொண்டே நின்றான். "ஓட்டிப் பார்க்கணும்" என்றான், பாதி மாமாவிடம், பாதி தனக்கே.

"நான் ஓட்டறேன்" என்றாள் அக்கா. அவன் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

மகன் முன்னால், கரண்ட் பின்னால். டிக்கியில் அத்தானின் நாற்காலி சார்ஜில் இருந்தது. வேண்டுமென்றேதான் இன்வெர்ட்டரை ஓடவிட்டிருந்தான். கார் தெருவைத் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறியது. இன்ஜின் சூடாகட்டும் என்று கொஞ்ச தூரம் போகச் சொன்னான். அவள் எங்கே போகப்போகிறாள் என்று அவனுக்குத் தெரியும். அந்த நாலு ரோடு சிக்னலுக்குத்தான் போனாள்.

சிவப்பு விழுந்திருந்தது. சாயங்கால நெரிசல். பின்னால் ஒரு பஸ் வந்து ஒட்டி நின்றது. அக்கா பிரேக்கை மிதித்தாள். கிளட்ச். நியூட்ரல். கிளட்சிலிருந்து காலை எடுத்தாள். இன்ஜின் அணைந்தது. டிக்கியில் இன்வெர்ட்டரின் மெல்லிய ரீங்காரம் மட்டும் கேட்டது.

"நிக்குது" என்றாள்.

மகன் ரோட்டைப் பார்த்தான். கரண்ட் தன் கைகளைப் பார்த்தான். வாழ்க்கையில் எத்தனையோ வண்டிகளுக்கு முன்னால் அவன் காத்து நின்றிருக்கிறான். இந்த வண்டிக்கு அந்த போல்ட்டை மனதுக்குள் மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பார்த்தான். இதில் இன்னொரு தப்பும் விட்டிருந்தால்? சிக்னலில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்பது. எட்டு. ஏழு. பஸ்காரர் முன்கூட்டியே ஒரு ஹாரன் அடித்துவைத்தார்.

பச்சை.

அக்கா கிளட்சை மிதித்தாள். இன்ஜின் பிடித்துக்கொண்டது. கியர் போட்டு, ஒரு குலுக்கல் இல்லாமல் காரை எடுத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கை எடுக்கவில்லை, இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன.

அடுத்த திருப்பம்வரை மகன் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை எடுத்து, யாரிடமோ, "நாளைக்கு வரவேண்டாம் சார். வண்டி கொடுக்கறதா இல்ல. மன்னிச்சுக்குங்க" என்றான். கடைசி வார்த்தையை அவன் போனில் பேசிய ஆளுக்குச் சொல்லவில்லை என்பது கரண்டுக்குக்கூடப் புரிந்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குத் திரும்புகிற ரோடு வந்தது. அவள் அதைத் தாண்டிப் போனாள்.

"அம்மா, வீடு அந்தப் பக்கம்."

"தெரியும்" என்றாள் அக்கா. "இந்தப் பக்கம் இன்னும் நாலு சிக்னல் இருக்கு."